மேல்பல் முளைத்த மருமகன்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையில் எத்தனை பற்கள் கிடக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் பால்பற்கள். ஒவ்வொன்றும் சாணி உருண்டைக்குள் பொதிந்து, குறிபார்த்து எறிந்தது. ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கெல்லாம் தகரக் கூரை. தகரத்தில் எறிந்தால் உருண்டை கடகடவென்று உருண்டு எறிந்தவன் காலடிக்கே வந்து சேரும். திரும்பி வந்த பல் முளைக்காது என்பது பிள்ளைகளின் கட்சி. எங்கள் சரிவில் புல் வேய்ந்த கூரை என்று இருந்தது பள்ளிக்கூடம் ஒன்றுக்குத்தான். ஆகவே மேல் லயம், கீழ் லயம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிக் குடியிருந்த மலையாளத்துக் குடும்பங்கள், எல்லா வீட்டுப் பல்லும் என் தலைக்கு மேலே வந்து சேர்ந்தது.

தலைக்கு மேலே என்று சும்மா சொல்லவில்லை. பள்ளிக்கூடமே ஒற்றை அறை. பின்பக்கம் மூங்கில் தட்டி வைத்து மறைத்த இடத்தில் என் கட்டில், ஸ்டவ், ஒரு தகரப்பெட்டி. போடியில் படித்து, வாத்தியார் பயிற்சியும் முடித்து, உலகத்தையே திருத்திவிடுகிற வேகத்தில் மலையேறி வந்தவன் நான். பகலெல்லாம் அந்த வேகத்துக்குத் தீனி இருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் போனதும் பனிமூட்டம் இறங்கிவிடும். வாசலுக்கு எதிரே நிற்கும் ஏலச்செடிகூடத் தெரியாது. பேச ஆள் கிடையாது. சில நாள் பெருக்கல் வாய்ப்பாட்டை நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன், குரல் துருப்பிடித்துவிடக் கூடாதே என்று. அப்படிப்பட்ட நேரத்தில் கூரையில் ‘பொத்’தென்று ஒன்று விழும். யார் வீட்டிலோ பல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எழுந்து வாசலுக்கு ஓடுவேன். எறிந்த பிள்ளை அதற்குள் பனிக்குள் மறைந்திருக்கும். பல்லை எறிந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். அதுதான் முறை.

ஒருநாள் வகுப்பில் இதைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அன்றைய பாடம் அதோடு போயிற்று.

“திரும்பிப் பாத்தா என்னடா ஆகும்?”

“கோணப்பல்லு மொளைக்கும் சார்.”

“எங்கப்பன் திரும்பிப் பாத்துருக்காரு சார்” என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பே சிரித்தது. அவன் அப்பனை நான் பார்த்திருக்கிறேன். மறுத்துப் பேச வழியில்லை.

ஸ்டோர்ப் பக்கத்து மலையாளத்துச் சிறுமி எழுந்து நின்றாள். “சாணியொண்ணும் வேண்டா சாரே. அணிலுகிட்டச் சொல்லணும்” என்றாள். பழைய பல்லை நீ வைத்துக்கொள், உன் பல் மாதிரி ஒன்றை எனக்குக் கொடு என்று அணிலைக் கேட்க வேண்டுமாம்.

“அணில் பல்லு மொளைச்சா நீ கொய்யாக்காயத்தாண்டி கொறிக்கணும்!”

“நினக்குச் சாணிப் பல்லு மொளைக்கும், போடா!”

அன்றிலிருந்து எனக்குப் பல் பைத்தியம் பிடித்தது. எதையாவது பிடித்தால் விடாத புத்தி என்னுடையது. கண்டவர்களையெல்லாம் பல்லைப் பற்றிக் கேட்டேன். ஏலக்காய் என்ன விலை போகிறது என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நடப்பவர்கள், பல்லைப் பற்றிக் கேட்டால் நின்று வாயைத் திறந்தே காட்டினார்கள். காய் பறிக்கிற பெண் ஒருத்தி தன் முன்பல் இடைவெளியைக் காட்டி, “இந்தச் சந்து இருக்கவ போற வீடு நெறையும்பாங்க. எங்க நெறையுது? மழைக்கு ஒழுகித்தான் நெறையுது” என்றாள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பிள்ளை வீட்டு அதிர்ஷ்டத்தை மென்று தின்கிறது என்றாள் இன்னொருத்தி. தேவாரம் ஊரிலிருந்து வந்து டீக்கடை போட்டிருந்தவர், கனவில் பல் விழுந்தால் சொந்தத்தில் சாவு வரும், மனிதக் காதில் போடாமல் முதலில் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும் என்றார். விடிந்ததும் விடியாததுமாக அவர் ஓடைக்கு ஓடியதை நான் வேறு காரணத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

நான் எதையும் நம்பவில்லை. கேட்கப் பிடித்திருந்தது. கேட்கிற நேரத்தில் நாலு மனிதக் குரல் காதில் விழுந்தது. அவ்வளவுதான். அந்தப் பல்லில் ஒன்று என்னையே வந்து கடிக்கும் என்று அப்போது தெரியாது.

எனக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவள் அக்கா ஒருத்தி. அவள்தான் வளர்த்தாள். அவளைப் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. நான் மலைக்கு வந்த வருஷம் கோடையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த மாதத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். தை மாதம் காதுகுத்து என்று அப்போதே பேசிவிட்டார்கள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மாமன் நான். என் மடி! மலைக்குத் திரும்பும்போதே ஒரு வெள்ளி அரைஞாண் வாங்கிவந்து தகரப்பெட்டியில் வைத்தேன். சாயங்காலங்களில் அதை எடுத்துத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிட்டேன் என்று சொல்லலாம்.

ஆவணியில் ஜீப்பு டிரைவர் சேதி கொண்டுவந்தார். போடிக்கும் மலைக்கும் லோடு ஏற்றுகிறவர். அம்மா மலையாளம், அப்பா கம்பம். பேச்சும் பாதிப் பாதி. எனக்கும் அக்காவுக்கும் நடுவே வாய்மொழித் தபால் அவர்தான்.

“சாரே, குட்டிக்குப் பல்லு வந்நு.”

“வந்துருச்சா! எத்தனை?”

“ஒண்ணு.” தலையைச் சொறிந்தார். “மேலே.”

எனக்கு முதலில் உறைக்கவில்லை. குழந்தைக்குக் கீழ்ப்பல் முதலில் முளைக்க வேண்டும். மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது. இதை எனக்கு எத்தனை பேர் சொல்லியிருந்தார்கள்! நானும் ரசித்துக் கேட்டு, மேலும் கேட்டிருந்தேன்.

“இப்ப அங்க வர வேண்டாம்னு சொல்லி விட்டிருக்கு. சேச்சி சொன்னதில்ல. சேச்சியோட மாமியார் சொன்னது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சனிக்கிழமையே அவருடைய ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போடிக்கு இறங்கினேன்.

அக்காவின் மாமியார் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்கள். கோபம் கிடையாது. அதுதான் கஷ்டம்.

“அப்பு, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அவன் மூஞ்சியில நீ முழிக்கக் கூடாது.”

“அத்தை, பல்லு மேல மொளைக்கிறதும் கீழ மொளைக்கிறதும் ஒடம்பு வாகு. அதுக்கு நான் என்ன செய்ய?”

“நீ ஒண்ணும் செய்ய வேணாம். வராம இருந்தாப் போதும்.”

“காதுகுத்துக்கு?”

“அதான் ராசிங்காபுரத்துல ஒங்க பெரியப்பா மகன் இருக்கானே. அவனும் மாமன் முறைதான். அவன் மடியில வச்சுக்கிருவோம்.”

அந்தப் பெரியப்பா மகனை நான் நாலு கல்யாணத்தில் பார்த்திருப்பேன். சோளமும் வெங்காயமும் போடுகிறவன். நல்லவன்தான். ஆனாலும் அவன் மடியா?

உள்ளே குழந்தை அழுதது. அந்தச் சத்தத்தை நான் மனசுக்குள் பிடித்து வைத்துக்கொண்டேன். அக்கா சொம்பில் மோரோடு வெளியே வந்தாள். மாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதோரம் குனிந்தாள்.

“நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? இதையெல்லாம் யாரு நம்புறா? மொதல்ல எதுத்துப் பேச வேணாம்னு இருக்கேன். தை வரட்டும். ஒன் மடி இல்லாம அவன் காதுல ஊசி எறங்காது. நான் விட மாட்டேன்.”

அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் மலையில் இருந்தேன். வாய்ப்பாட்டுக்குப் பதில் அதைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒன் மடி இல்லாம ஊசி எறங்காது. டிரைவர் வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் கேட்பேன். கீழே இரண்டு பல் வந்துவிட்டது என்றார். தவழ்கிறான் என்றார். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டான் என்றார். ஒரு பிள்ளை வளர்வதை ஜீப்பு சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தெரிந்துகொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கார்த்திகையில் மழை விடவில்லை. கீழ் லயத்தில் காய்ச்சல் என்று பல பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. பார்த்துவிட்டு வரலாம் என்று சரிவு வழியாக இறங்கினேன். சுற்றுவழி இருக்கிறது, எனக்குப் பொறுமை கிடையாது. காலில் அட்டை ஏறியது. குனிந்து பிடுங்கினேன். பாசி வழுக்கிற்று. அடுத்து நினைவிருப்பது வாயில் மண்ணும் ரத்தமும்தான். ஒரு பாறையில் முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எழுந்து துப்பியபோது உள்ளங்கையில் முழுசாக ஒரு பல் கிடந்தது. மேல்வரிசை, முன்பல்.

தோட்டத்துக் கம்பவுண்டர் பஞ்சை வைத்து அடைத்து, “கடிச்சுக்கிட்டுப் பேசாம இருங்க வாத்தியாரே. ஒங்களுக்கு அதுதான் கஷ்டம்” என்றார். பல்லை ஒரு காகிதத்தில் பொதிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் பிள்ளைகள் அதை விடவில்லை.

“கூரையில போடணும் சார்.”

“சாருக்கு மொளைக்காதுடா. பெரிய ஆளுகளுக்கு மொளைக்காது.”

“சாருக்கு இன்னும் கல்யாணம் ஆகலேல்ல? அப்ப மொளைக்கும்.”

இதற்கு வகுப்பில் யாரிடமும் மறுப்பு இல்லை. ஒருவன் சாணி கொண்டுவந்தான். உருண்டை பிடித்தார்கள். மலையாளத்துச் சிறுமி என் சார்பில் அணிலிடமும் சொல்லிவைத்தாள். எறிந்தேன். புல்லில் பொத்தென்று உட்கார்ந்தது. “ஓடுங்க சார், பாக்காதீங்க!” என்று அத்தனை பேரும் கத்தினார்கள். வாத்தியார் நான் ஓடினேன். ஓடி எங்கே போவது? கூரைக்குக் கீழேதான் என் வீடு. ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வந்தேன்.

அடுத்த வாரம் டிரைவர் என் வாயைப் பார்த்ததும் ஜீப்பை நிறுத்தாமலே கத்தினார். “சாரே! தீர்ந்நு!”

“என்ன தீர்ந்தது?”

“தோஷம்! மேல்பல்லு வந்நு, மேல்பல்லு போயி. குட்டிக்கு வந்தது சாருக்குப் போச்சு. பின்னே என்ன பாக்கி?”

அட! இந்தக் கணக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை? நம்பிக்கையாவது ஒன்றாவது, இதைச் சொன்னால் கதவு திறக்குமே! பாறையைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தகரப்பெட்டியிலிருந்து அரைஞாணை எடுத்தேன். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டேன். அன்றைக்கே லோடோடு இறங்கினேன். வளைவுக்கு வளைவு, என்ன சொல்ல வேண்டும், எப்படி வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஒத்திகை தேவைப்படவே இல்லை. “எப்பிடி இருக்கீங்க அத்தை” என்று கேட்க வாயைத் திறந்ததுமே மாமியார் கண்டுகொண்டார்கள்.

“என்னப்பு இது? பல்லு எங்க?”

“விழுந்துருச்சு அத்தை. சரிவுல வழுக்கி.”

“வெளிச்சத்துக்கு வா. ஆ காட்டு.” என் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்கள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “மேல்பல்லு! கழிஞ்சு போச்சுடா அப்பு! தலைக்கு வந்தது பல்லோட போச்சு. ஆத்தா, ஏ ஆத்தா! வெரசா பிள்ளையத் தூக்கிட்டு வா. ஒந்தம்பி வந்துருக்கான்.”

இத்தனை சுலபமா! நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். கையில் அரைஞாண். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. அவள் கண் என் வாயிலேயே நின்றது. நான் பிள்ளையைப் பார்ப்பதற்குள் சட்டென்று முந்தானையால் அவனை மூடித் திரும்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது கொழுத்த ஒரு பாதம் மட்டும்.

“அக்கா, எல்லாம் தீந்துருச்சு. அத்தையே சொல்லிட்டாங்க.”

“எப்ப விழுந்த?”

“போன வாரம். ஒண்ணும் இல்லக்கா, பல்லு மட்டுந்தான்.”

“தலையில பட்டிருந்தா?”

“படலையே.”

“பட்டிருந்தா?”

மாமியார் குறுக்கே வந்தார்கள். “ஏன்டி, அவன்தான் நிக்கிறான்ல முழுசா. கழிஞ்சதுன்னு நான் சொல்றேன், நீ என்ன?”

“பல்லோட நிக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா அத்தை? மொதல்ல நான் ஒங்களைப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சேன். இவன்கிட்ட ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னேன். இப்பப் பாருங்க, இவன் வாயப் பாருங்க.” என் வாயைக் கை காட்டினாள். “எனக்குன்னு இருக்கது இவன் ஒருத்தன். இவனை வச்சு நான் வெள்ளாட மாட்டேன்.”

“காதுகுத்துக்கு என் மடின்னு சொன்னியே அக்கா” என்றேன். சின்னப் பையன் மாதிரித்தான் கேட்டேன்.

“ராசிங்காபுரத்து அண்ணனுக்குச் சொல்லி விடுறேன்.”

“அவனும் மாமன்தானடி!” என்றார்கள் மாமியார். “அவனுக்கு மட்டும் ஆகுமா?”

“கூடப் பொறந்தவனுக்குத்தான் தோஷம். பெரியப்பா மகனுக்கு எட்டாது.”

இந்தச் சட்டத்தை அவள் எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை. கடையிலிருந்து வந்த மச்சான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆவணியில நீங்க வேணாம்னீங்க, இவ வேணும்னா. இப்ப நீங்க வேணுங்கிறீங்க, இவ வேணாங்கிறா. மாப்ளே, இதுல நான் தலையக் குடுத்தா எனக்கும் ஒரு பல்லு போகும்” என்று முகம் கழுவப் போய்விட்டார்.

நான் வாதாடினேன். எனக்கு வாதாடத் தெரியும். பாசி வழுக்கும் என்றேன். மழை எல்லாருக்கும்தான் பெய்கிறது, லயத்தில் விழாதவர்களே கிடையாது என்றேன். பேசப் பேச இடைவெளியில் காற்றுப் போய்ச் சொற்கள் ஊதிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு ஊதலுக்கும் அவள் முகம் இன்னும் வெளிறிற்று. கடைசியில் வாயை மூடிக்கொண்டேன். என்னிடம் இருந்த ஒரே சாட்சி என் வாய். அதுவே எனக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தது.

மாமியார்தான் வழி செய்தார்கள். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையை மாமன் முதலில் எண்ணெயில் தெரியும் நிழலாகத்தான் பார்ப்பான். பார்த்தால் கண்ணுக்கும் குறையில்லை, ஆளுக்கும் கெடுதல் இல்லை. அதுபோல இதையும் செய்வோம் என்றார்கள். அக்கா வெகுநேரம் யோசித்துத் தலையாட்டினாள்.

முற்றத்தில் வெளிச்சம் விழுகிற இடத்தில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்து நல்லெண்ணெய் ஊற்றினார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து தாம்பாளத்தை நோக்கிக் குனிந்தேன். “திரும்பிறாத தம்பி, சாமி சத்தியமாத் திரும்பிறாத” என்றாள் அக்கா, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு. பிள்ளை மூச்சு என் பிடரியில் பட்டது. பால் வாசம். அவள் குனிந்தாள்.

எண்ணெய்க்குள் முதலில் என் மூஞ்சி தெரிந்தது. தோளுக்கு மேலே அவன் வந்தான். மஞ்சளாக, கொஞ்சம் நெளிந்து. கன்னம் அம்மாவுடையது, என் அம்மாவுடையது. பளபளவென்று ஆடுகிற எதையோ கண்டவன், வாயைத் திறந்து சிரித்தான். மேலே ஒன்று, கீழே இரண்டு. நானும் சிரித்தேன். அவன் பல்லும் என் ஓட்டையும் அந்தத் தாம்பாளத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கையை நீட்டி என் காதைப் பிடித்தான். அக்கா அந்த விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எண்ணெயில் நான் மட்டும் மிஞ்சினேன்.

அரைஞாணை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஜீப்பைப் பிடித்தேன். ஊதல் வருமோ என்று டிரைவரிடம் வழியெல்லாம் பேசவில்லை.

தையில் காதுகுத்து நடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. வேலை ஏதாவது இருந்தால் தேவலை என்றிருந்தது. கரும்பலகையை அடுப்புக்கரி தேய்த்துக் கறுப்பாக்கினேன். தட்டியைக் கழற்றி மறுபடி கட்டினேன். சாயங்காலம் மேட்டில் ஹாரன் சத்தம். டிரைவர் வாழை இலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். காப்பரிசி. வெல்லமும் எள்ளும் தேங்காய்ச் சில்லும் போட்டது.

“அழுதானா?”

“பின்னே! காது குத்தினா சிரிக்குமோ? மாமன் மடியில மூத்திரம் போயிட்டான். புது வேட்டி, பட்டுக்கரை. ராசிங்காபுரத்துக்காரருக்கு ஒரே நாணம்.”

நனைந்திருக்க வேண்டியது என் வேட்டி.

“அரைஞாண்?”

“கட்டியிருந்துது. நல்ல சேர்ச்சை, எடுப்பா இருந்துது.” ஜீப்பில் ஏறியவர் எதையோ நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “சேச்சி ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. மழைக்குச் சரிவு வழியா நடக்காதேன்னு. சுத்துவழியா போகணுமாம். ரெண்டு தடவ சொன்னாங்க.”

அவர் போனதும் கட்டிலில் உட்கார்ந்து காப்பரிசியைத் தின்றேன். முன்னால் கடிக்க முடியாது. ஒவ்வொரு பிடியையும் கடைவாய்க்குத் தள்ளி மெல்ல வேண்டியிருந்தது. வெகுநேரம் மென்றேன். வெளியே பனி இறங்கி ஏலச்செடி மறைந்தது.

கூரையில் பொத்தென்று விழுந்தது. இலையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். பனிக்குள் சின்னக் கால்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. “யாரது?” என்று கூப்பிட்டேன். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அது திரும்பிப் பார்க்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொரு முறை கூப்பிட்டேன்.